எங்க கூரையை மட்டும்தான் அளந்தேன்

செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுக் கூரையை அளந்து பேப்பர்ல வரையணும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு சோலார் போடுறோம். ஆள் வச்சு இல்ல, நாங்களே. எங்க வீட்டுக்காரரு கொழும்புல வயரிங் வேலை செய்றாரு. அங்க ஒரு கட்டடத்துல கழட்டின ஆறு பேனல் அவருக்குக் கெடச்சுச்சு. லொறியில ஏத்தி பூண்டுலோயாவுல எங்க தேயிலைத் தோட்டம் வரைக்கும் கொண்டாந்துட்டாரு. மூணு மாசமா அந்த ஆறும் நாங்க படுக்கிற காம்பராவுலதான் நிக்குது.

வரிசையா ஒட்டிக் கட்டின லயத்து வீட்டுல காம்பரா எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியும். கட்டிலுக்குப் போகணும்னா கால்மாட்டுல இருந்து தவழ்ந்துதான் போகணும். அலுமாரி பாதிதான் தொறக்கும். தொறக்கிற பாதியில நாலு சாரி இருக்கு. மூணு மாசமா அந்த நாலையும்தான் மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போறேன். பிள்ளைங்க சாரியைப் பாத்தே கிழமை சொல்லுதுங்க.

இவருக்கு ஏழு நாள் லீவு கெடச்சுச்சு, நானும் ஸ்கூலுக்கு லீவு போட்டேன். ஞாயித்துக்கிழமை திரும்பப் போகணும். அடுத்த லீவு தீவாளிக்குத்தான். அதுக்குள்ள பேனல் மேல ஏறலன்னா, தீவாளி வரைக்கும் நான் தவழணும்.

மின்சார சபைக் கந்தோர்ல போய் விசாரிச்சோம். "பிளான் ஒண்ணு வேணும். கூரை நீளம், அகலம், சாய்வு, எந்தத் திசை, பேனல் எங்க வருது, வயர் எப்பிடி எறங்குது, எல்லாம் அளவோட. லயம்னா தோட்டத்து ஆபிஸ் கடிதமும் வேணும்"னாங்க.

தோட்டத்து ஆபிஸ்ல பெரிய கிளாக்கர்கிட்ட கேட்டா, "பிளானைக் கொண்டாங்க டீச்சர், பாத்துட்டுக் கடிதம் தாறோம்"னாரு.

"கொழும்புல எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரு இருக்காரு. கம்பியூட்டர்ல வரைஞ்சு போனுக்கே அனுப்பிருவாரு"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

எனக்கு வந்துச்சே ரோஷம்!

"பதினோரு வருஷமா கணக்குப் படிப்பிக்கிறேன். திரிகோண கணிதம் எடுக்கிறேன். ஒரு கூரையை வரைய கொழும்புல இருந்து ஆள் வேணுமா எனக்கு?"

அவரு போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. போட்டிருக்க வேணாம்.

ஸ்கூல்ல நீளம் பாய்தலுக்கு அளக்கிற முப்பது மீட்டர் டேப்பை வாங்கிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு செல்வியக்கா அன்னைக்குக் கால் சுளுக்குன்னு கொழுந்து பறிக்கப் போகல. "ஒரு நிமிசம் இந்த முனையைப் பிடிங்கக்கா"ன்னேன்.

"எங்க பிடிக்கணும் டீச்சர்?"

"எங்க கூரை முடியிற எடத்துல."

"அது எங்க முடியுது?"

அங்கதான் மாட்டினேன். லயத்துல பன்னெண்டு வீடு. எங்களது நாலாவது. சுவரு பன்னெண்டா பிரிஞ்சிருக்கு, ஆனா மேல தகரம் ஒரே கூரையா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு அது பாட்டுக்குப் போகுது. உள்ளுக்குப் போய் வெளக்குமாத்துக் கட்டையால தகரத்தைத் தட்டினேன். வெளிய இருந்து செல்வியக்கா, "எல்லாப் பக்கமும்தான் சத்தம் கேக்குது டீச்சர்"ன்னாங்க.

அப்பதான் கணக்கு டீச்சர் மூளை வேலை செஞ்சுச்சு. முழு லயத்தையும் அளந்து பன்னெண்டால வகுத்தா ஒரு வீடு வந்துரும்! ஆஹா, என்ன அறிவு!

டேப்பை இழுத்துக்கிட்டு முதலாம் வீட்டுல இருந்து நடக்க ஆரம்பிச்சேன்.

தோட்டத்துல ஒருத்தர் டேப்பை விரிச்சா அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ குடுக்கப் போறாங்க. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் முந்தி யாராவது வந்து அளந்துட்டுப் போவாங்க. இதெல்லாம் தெரிஞ்ச நானே இதைச் செஞ்சேன் பாருங்க.

எங்க லயத்து ராமர் மாமா வாசலுக்கு வந்தாரு. "என்னா டீச்சர், வீட்டுத் திட்டமா?"

"இல்ல மாமா, சோலார்."

"ஓ! சோலார் வீட்டுத் திட்டமா?"

பன்னெண்டாம் வீட்டுக்கு நான் போய்ச் சேர்றப்ப எனக்கு நாற்காலி போட்டு, துண்டால தூசியும் தட்டி வச்சிருந்தாங்க. இஞ்சி போட்ட தேயிலைச் சாயத் தண்ணி குடிக்க வந்துச்சு. பத்து மணிக்கு விஷயம் கொழுந்து நிறுக்கிற எடத்துக்குப் போயிருச்சு. பகல் சாப்பாட்டுக்கு வேலையில இருந்து வந்த பொம்பளைங்க, கொழுந்துப் பையை எறக்கி வைக்காமலே எங்க வாசலுக்கு வந்துட்டாங்க.

"டீச்சர், நாங்க பின்னுக்குச் சமைக்கக் குசினி இழுத்துக் கட்டியிருக்கோம். அதைப் போட்டீங்களா?"

"எங்க கோழிக்கூடு?"

"இது எங்க வீட்டுக் கூரைக்கு மட்டும்ங்க" அப்பிடின்னேன்.

"அப்ப எங்க வீட்டை ஏன் அளந்தீங்க?"

"பன்னெண்டால வகுக்கிறதுக்கு."

"எங்க வீட்டை எதுக்குங்க நீங்க வகுக்கணும்?"

பதினோரு வருஷ அனுபவத்துல எந்தப் பிள்ளையும் என்கிட்ட இப்பிடி ஒரு கேள்வி கேட்டதில்ல.

தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் வந்தாரு. எல்லாரையும் கையக் காட்டி அமத்தினாரு. அப்பாடா, நமக்காகப் பேசப் போறாருன்னு நெனச்சேன்.

"டீச்சர், ஆளுங்க மனசு நோகக் கூடாது. வரையிறது வரையிறீங்க, எல்லாத்தையும் சேத்து வரைஞ்சுருங்க. பேப்பருக்கா பஞ்சம்?"

சரின்னு தலையாட்டிட்டேன். எனக்கு யாருகிட்டயும் முடியாதுன்னு சொல்ல வராது. இந்த லட்சணத்துல ஸ்கூல்ல ஒழுக்காற்றுக் குழுவுல வேற இருக்கேன்.

புதன்கிழமை சாய்வு எடுத்தேன். பாகைமானியில நூல் கட்டி, நூலுல ஒரு உருளைக்கிழங்கைத் தொங்கவிட்டுப் பாத்தா எழுபது பாகை காட்டுது. எழுபதுல பூனைகூட நிக்காதே! மூணு தரம் அளந்தேன். உருளைக்கிழங்கை மாத்தியும் பாத்தேன். கடைசியில எங்க வீட்டுக்காரரு, "தொண்ணூறுல இருந்து கழிக்கணுமோ?"ன்னாரு. ஆமா. கழிக்கணும். அதைத்தான் நான் வகுப்புல தொண்டை கிழியக் கத்துறது.

அடுத்தது திசை. போன்ல திசைகாட்டியை எடுத்துத் தகரத்துல வச்சா முள்ளு பம்பரமா சுத்துது. சரி, சூரியனை வச்சுக் கண்டுபிடிப்போம்னு பாத்தா, மூணு நாளா ஒரே பனிமூட்டம். சோலார் போடப் போறவ வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, "சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?"னு அக்கம்பக்கத்துல கேக்கிறேன்.

"தேயிலை ஸ்டோருப் பக்கம்"னாங்க செல்வியக்கா.

"இல்ல, கோயில் பக்கம்"னாரு ராமர் மாமா.

"வந்தாத்தானே தெரியும்"னாரு எங்க வீட்டுக்காரரு.

வியாழக்கிழமை ஸ்கூல்ல சார்ட் வரையிற டிமை பேப்பர் நாலை ஒட்டி வரைய ஒக்காந்தேன். கட்டில்ல எடம் இல்ல, வாசல்ல விரிச்சேன். அது அடுத்த மடத்தனம். ஆளுக்கு ஆள் வந்து குனிஞ்சு பாக்குறாங்க.

"டீச்சர், எங்க வீட்டுல ஒழுகுற எடத்தையும் போடுங்க."

"சாமிப் படத்துக்கு மேலயே ஒழுகுது டீச்சர், அதைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க."

செவப்புப் பேனாவை எடுத்தேன். ஒழுக்குக்கு ஒரு புள்ளி. பன்னெண்டு வீட்டுக்கும் முப்பத்தேழு புள்ளி. குசினி, கோழிக்கூடு, ஆட்டுப்பட்டி, தண்ணிப் பீப்பா, எல்லாத்துக்கும் பேரு எழுதி அளவும் போட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, ஆசையா வரைஞ்சேன். எழுத்தெல்லாம் முத்து முத்தா இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரரு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு. நம்ம பேனல் எங்க?"ன்னாரு.

நாலாம் வீட்டு மேல காட்டினேன். ஆறு சின்னக் கட்டம்.

"ராமர் மாமா ஆட்டுப்பட்டி இதைவிடப் பெருசா இருக்கே?"

"அது அளவுப்படி" அப்பிடின்னேன், கம்பீரமா.

வெள்ளிக்கிழமை காலையில ஆபிஸுக்குப் போனோம். நாங்க ரெண்டு பேரு. பின்னுக்கு தலைவரு. அவருக்குப் பின்னுக்கு, யாரும் கூப்பிடாமலே லயத்துல பாதி.

பெரிய கிளாக்கர் பிளானை மேசையில விரிச்சாரு. மேசை பத்தல. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடி போட்டுக்கிட்டாரு. சுருட்டி எடுத்துக்கிட்டு மேனேஜர் தொரையோட காம்பராவுக்குள்ள போனாரு.

போச்சு! அனுமதியில்லாம இழுத்த குசினி அத்தனையையும் பேரோட எழுதிக் குடுத்திருக்கேனே! பன்னெண்டு குடும்பத்தையும் நானே காட்டிக் குடுத்துட்டேனோ!

அரை மணித்தியாலம். கதவு தொறந்துச்சு. கிளாக்கர் சிரிச்சுக்கிட்டு வாறாரு. அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

"டீச்சர், ரெண்டு வருஷமா மேலிடத்துல இருந்து கடிதம் மேல கடிதம். கூரை மாத்தணும்னா லயத்துப் பிளான் அனுப்புங்க, ஒழுகுற எடத்தைக் காட்டுங்கன்னு. வரைய ஆள் இல்லாமக் கெடந்துச்சு. இதை இன்னைக்கே அனுப்பச் சொல்லிட்டாரு தொரை! குசினியைப் பத்தி யோசிக்காதீங்க, அதுக்கும் சேத்துத் தகரம் கேக்குறோம்."

வெளிய ஒரே சத்தம்! கைதட்டு! "நாங்க அப்பவே சொன்னோம்ல டீச்சர்!"

எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் மெதுவா, "எங்க சோலார் கடிதம்?"னு கேட்டேன்.

"அதெப்பிடி டீச்சர் தர்றது? புதுத் தகரம் வரப்போகுது. இப்பப் பழைய கூரையில ஓட்டை போட்டுப் பேனலைப் பூட்டினா, நாளைக்கு யாரு கழட்டுறது? கூரை மாத்தினதும் வாங்க, ஒடனே தாறேன்."

"எப்ப மாத்துவீங்க?"

"அதான் அனுப்புறோம்ல. வரும்."

எங்க தோட்டத்துல "வரும்"னு சொன்னா, எப்பன்னு மறுபடி கேக்குறது மரியாதை இல்ல.

"அந்தப் பிளானையாவது தாங்க. இன்னொரு தரம் பாத்து வரையிறதுக்கு…"

"அது இப்ப ஆபிஸ் ஃபைல் டீச்சர்."

திரும்பி நடக்கிறப்ப எங்க வீட்டுக்காரரு மொகத்தை நான் பாக்கவே இல்ல. செல்வியக்கா நொண்டிக்கிட்டே வந்து என் கையைப் பிடிச்சாங்க. "ஒவ்வொரு மழைக்கும் அஞ்சு சட்டி வைக்கிறேன் டீச்சர். நீங்க நல்லா இருக்கணும்." அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. அதுக்கு மேல நான் யாரு மேல கோவப்படுறது? எனக்கும் அழுகை வந்துச்சு. அவங்களுக்காகப் பாதி, தீவாளி வரைக்கும் தவழப்போற என் முட்டிக்காகப் பாதி.

ஞாயித்துக்கிழமை இவரு கொழும்பு பஸ் ஏறினாரு. ஜன்னல் வழியா எட்டிப்பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னாரு: "அந்தக் கம்பியூட்டர்க்காரரு இவ்வளவு அழகா வரைஞ்சிருக்க மாட்டாரு."

திங்கட்கிழமை காலையில கதவைத் தட்டுற சத்தம். மேல் லயத்துல இருந்து நாலு பேரு, குளிச்சு, திருநீறு பூசி, வெத்தலைத் தட்டோட நிக்கிறாங்க.

"டீச்சர், எங்க லயத்துக்கு எப்ப வாறீங்க? இருவத்திநாலு வீடு. எல்லாமே ஒழுகுது."

முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். "சனிக்கிழமை"ன்னு வந்துச்சு.

சொந்தமா சோலார் போட நெனக்கிறவங்களுக்கு என் அனுபவத்துல ஒரே ஒரு யோசனை: பிளானைக் கொஞ்சம் மோசமா வரைங்க.