பெண்டிங் அண்ணன் போட்ட ஸ்டார்

உலகத்தில் எந்த வங்கியும் எங்கள் பெண்டிங் அண்ணன் அளவுக்கு ஒரு ரூபாயைப் பின்தொடர்ந்து போனதில்லை. வங்கி, பணத்தை அனுப்பியதும் குறுஞ்செய்தி ஒன்றைத் தட்டிவிட்டுத் தூங்கப் போய்விடும். அண்ணன் அந்த ரூபாயின் கையைப் பிடித்து அழைத்துப்போய், உரியவர் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்த பிறகுதான் திரும்புவார்.

மைசூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தபோது, தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக்கடை மாடியில் நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக் கணக்கு முழுக்க அவர் கையில். எக்செல் கிடையாது, ஆப் கிடையாது. மடிக்கணினியில் நோட்பேடைத் திறந்து வெறும் எழுத்தில் வரி வரியாக அடிப்பார். தேதி, ஒரு குறி, ஆள் பெயர், தொகை. "ஆப்பெல்லாம் செத்துப்போகும் தம்பி, எழுத்து சாகாது" என்பார். விஷயமே அந்தக் குறியில்தான் இருந்தது. பணம் நம் கையை விட்டுப் போய்விட்டது, ஆனால் சேர்ந்ததா என்று தெரியாது என்றால் ஆச்சரியக்குறி. வாங்கியவர் தரப்பிலிருந்து ஆதாரத்தோடு உறுதியானால் அதை அழித்துவிட்டு ஸ்டார். ஆச்சரியக்குறியோடு நிற்கும் வரியெல்லாம் பெண்டிங். அப்படி ஒரு வரி நின்றாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"அதான் பணம் போயிடுச்சே அண்ணா!" என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன்.

"போச்சுன்னா போய்ச் சேந்துச்சுன்னு அர்த்தமா? பஸ் மைசூர விட்டா போதுமா, ஊர் வந்து சேர வேண்டாமா?"

மார்க்கெட்டில் வாழைப்பழம் வாங்கினாலும் இதே கதைதான். போனில் பணம் கட்டிவிட்டு, வந்த தொகையை உரக்கச் சொல்லும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் கைகட்டி நிற்பார். ஒருநாள் நெட்வொர்க் இல்லை. பெட்டி வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர், "பரவால்ல ஹோகி சார், போங்க, ஆமேல பரத்தே, அப்புறம் வந்துடும்" என்று இரண்டு மொழியிலும் கெஞ்சினார். அண்ணன் அசையவில்லை. "ஸ்வல்ப இருங்க, பெட்டி பேசட்டும்." பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆள் போனால் போதும் என்று கடைக்காரர் இரண்டு பழத்தைச் சும்மா பையில் போட்டார். இப்போது இலவசப் பழத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று புதுச் சிக்கல் முளைத்தது. அதைக் கடைக்காரரிடமே விவாதிக்க ஆரம்பித்தார்.

தொழிற்சாலையில் ஒரு பையனுக்குக் கல்யாணம். அண்ணன் ஐந்நூற்றியொரு ரூபாயைக் கவரில் வைத்து மொய் கொடுத்தார். கொடுத்ததென்னவோ மாப்பிள்ளை கையில்தான். ஆனால் கவரைப் பிரித்தார்களா இல்லையா? தம்பதி ஊட்டிக்குத் தேனிலவு போயிருந்த இடத்துக்குப் போன் அடித்தார். "தொந்தரவுக்கு மன்னிக்கணும்பா. என் கவர் பிரிச்சாச்சா?" அந்தப் பையன் அதற்குப் பிறகு அவரைக் கண்டால் லேத் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

சாமிக்கும் விலக்கு இல்லை. மலைக்கோயில் உண்டியலில் போட்ட நூறு ரூபாய் மாதக்கணக்கில் ஆச்சரியக்குறியோடு நின்றது. உண்டியல் எண்ணிய செய்தி பேப்பரில் வந்த அன்று காலை, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு ஸ்டார் போட்டார்.

இதையெல்லாம் நான் ரசித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் கல்யாணம் வரும்வரை.

பெண் கொள்ளேகால் பக்கம். நிலபுலம் உள்ள குடும்பம். எழுதிப் பிழைப்பவனுக்குப் பெண்ணைக் கொடுக்கலாமா என்று என் வருங்கால மாமனாருக்குக் கடைசிவரை அரைமனசுதான். மாப்பிள்ளை வீட்டார் மைசூரில் நல்ல மண்டபம் பிடிக்கவேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. முகூர்த்தம் நிறைந்த மாதம், ஊரில் மண்டபமே இல்லை. அலைந்து திரிந்து ஒன்றைப் பிடித்து, இருந்ததைத் திரட்டி மொத்த அட்வான்சையும் வங்கி வழியாக அனுப்பினேன்.

மண்டப மேனேஜர் கன்னடக்காரர், நன்றாகவே தமிழ் பேசுவார். போனில் தெளிவாகச் சொன்னார்: "துட்டு பந்தாய்த்து சார், வந்தாச்சு. ரசீது புக் செக்ரெட்டரிகிட்ட இருக்கு. அவரு வெளியூர். வந்ததும் தர்றேன்."

எனக்கு அது போதும். அண்ணனுக்குப் போதவில்லை. ரசீது இல்லாமல் ஸ்டாரா? மறுநாள் அவரே மேனேஜரைக் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். அப்புறம் தினமும். மேனேஜர் அந்த எண்ணைத் தடுத்துவைத்தார். அண்ணன் தொழிற்சாலைப் போனிலிருந்து கூப்பிட்டார். அதையும் தடுத்ததும் கீழே பாத்திரக்கடைப் போன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேனேஜர் வீட்டு வாசலில் முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தபோது நேரிலேயே போய் நின்று, தன் கணக்கு முறை முழுவதையும் விளக்கி முடித்து, பணிவாகச் சொன்னாராம்: "உங்க பேருக்கு முன்னால இன்னும் ஆச்சரியக்குறி இருக்கு சார்."

அன்று மாலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இத்தனை வருஷமா மண்டபம் பாத்துக்கறேன். என் பேர்ல ஒரு குறியும் இருந்ததில்ல. நிம்ம துட்டு வாபஸ். வேற பார்ட்டி ரெடி இருக்கு."

அந்த நேரம் பார்த்து மாமனார் போன். "ஏனுங்க மாப்ள, பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சுங்க. மண்டபம் ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?"

"எல்லாம் முடிஞ்சுதுங்க மாமா" என்றேன்.

"பாத்துக்கோங்க. நாலு சனத்துக்கு முன்னால நான் தலை குனிஞ்சா, அப்புறம் பொண்ணு குடுக்கறதையே யோசிக்க வேண்டி வருமுங்க."

போனை வைத்துவிட்டு அண்ணனைக் கிழி கிழியென்று கிழித்தேன். "உங்க ஒரு குறிக்கு என் கல்யாணத்தைப் பலி குடுத்துட்டீங்களே!" அவர் மடிக்கணினியைத் தோள்பையில் வைத்தார், செருப்பை மாட்டினார். "வா" என்றார்.

மண்டபத்து ஆபீஸ் அறையில் மேனேஜர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அண்ணன் தலைகுனிந்து, "தப்பு என்னுது சார். பையனத் தண்டிக்காதீங்க" என்றார். மேனேஜர் கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சரி. துட்டு வந்தாச்சு, மண்டபம் உங்களுதுன்னு நான் சொல்றேன். என் மாத்து, என் வார்த்தை, போதுமா, போதாதா? போதும்னா இங்கயே, என் கண்ணு முன்னால அந்தக் குறிய மாத்தணும். செக்ரெட்டரி வர்ற வரைக்கும் ரசீது கேக்கக்கூடாது. போன் மாடக்கூடாது."

அண்ணன் கணினியைத் திறந்தார். என் கல்யாண மண்டப வரிக்கு வந்தார். ஆச்சரியக்குறி அருகே கர்சர் மினுக்கியது. விரலை வைத்தார், எடுத்தார். வேட்டி நுனியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. சட்டென்று குறியை அழித்து ஸ்டாரைப் போட்டு, சேமித்து, திரையை மேனேஜர் பக்கம் திருப்பினார்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இஷ்டேனா? இவ்ளோதானா? இந்த ஒரு புள்ளிக்கா இத்தனை போன்?" என்றவர், சிரிப்பை அடக்க முடியாமல் மூன்று காபிக்குச் சொன்னார். அண்ணன் காபியைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். போனை எடுப்பார், வைப்பார். வேலைவிட்டு வந்ததும் என்னிடம் நீட்டுவார். "நீயே வெச்சுக்கோ தம்பி, என்ன நம்ப முடியல. கூப்பிட்டுருவேன்." கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கல்யாணம் எனக்கு, இளைத்தது அவர். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டால், "அத விடு, சாப்பிட்டியா?" என்பார்.

முகூர்த்த நாள் காலை உறவினர்களோடு மண்டபத்தில் போய் இறங்கினேன். மாமனார் எனக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். தோரணம் கட்டுகிறவர்கள்கூட அப்போதுதான் ஏணியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் திறந்திருந்த கேட்டின் கம்பியைப் பிடித்தபடி, புதுச் சட்டையில் அண்ணன் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்றிருந்தது.

"இருக்கு தம்பி. மண்டபம் இருக்கு."

வாழ்க்கையில் என்னை நம்பியவர்கள் சிலர் உண்டு. எனக்காக இன்னொருவரை நம்பியவர் அவர் மட்டும்தான்.