‘உங்க இஷ்டம்’ எத்தனாவது படி?

‘களுக்’கென்று ஒரு சிரிப்பு. உடனே ‘உஷ்’ என்று ஓர் அடக்கல்.

பட்டப்பகலில் போர்வைக்குள் கிடந்த எனக்குச் சுருக்கென்றது. எழுந்து சமையலறைக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்டதும் நழுவினாள். என் மனைவி மட்டும் நின்றாள், பால் குடித்த பூனை முகத்தோடு.

“என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்லீங்க. இந்தப் பூண்டை உரிங்க.”

உரித்துக்கொண்டே கேட்டேன். “பகல் வேலை தரேங்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். எடுத்துக்கட்டுமா?”

“உங்க இஷ்டம்.”

இதுதான் என்னைக் கொல்லும் பதில். ராத்திரியில் நான் வீட்டில் இருப்பது இவளுக்கு வேண்டுமா, வேண்டாமா?

தேர்வுக்கும் கருத்துக்கணிப்புக்கும் கேள்விகள் தயாரிக்கும் அலுவலகத்தில் நான் இரவுக் காவலன். அங்கிருக்கும் புத்தகங்களை எழுத்துக்கூட்டியே படித்துத் தீர்த்தவன். ‘இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்’ என்று பதில்களைப் படிப்படியாக அடுக்கினால் போதாதாம். பதில் சொல்பவர் மனசிலும் அதே வரிசையா என்று அளந்து பார்க்க வேண்டுமாம். மேல்படி என்று நாம் நம்பியது சில சமயம் கீழே கிடக்குமாம்.

இன்று இவள் படிகளை அளந்தே தீருவது என்று சபதமெடுத்தேன். இவளுக்குப் பிடித்ததும் பிடிக்காததும் எனக்கு அத்துப்படி. அவற்றைக் கேட்டால் பதில்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும்.

“உன் தங்கச்சிய வரச்சொல்லவா?” தங்கை என்றால் இவளுக்கு உயிர்.

“பரவாயில்ல, வரட்டும்.”

“எங்கண்ணன் வரேங்கறார்.” வந்தால் கிரேன் வைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

“ரொம்ப சந்தோஷம்.”

பூண்டு கைநழுவியது. படிகள் தலைகீழ். சந்தோஷம் பாதாளத்தில், பரவாயில்லை மாடியில். அப்படியானால் அந்த இஷ்டம் எங்கே?

“மிக்ஸி வாங்கலாமா?” கல்யாணமான நாளாக இவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

“உங்க இஷ்டம்.” குனிந்த தலை நிமிரவில்லை.

ஆக, இஷ்டம்தான் உச்சிப்படி; ராத்திரியில் நான் வீட்டில் வேண்டும்! இத்தனை வருஷம் யார் கதவையோ காத்துக் கிடந்துவிட்டேனே. உடனே மேலாளருக்குப் போன் போட்டேன்.

“பகல் வேலைக்கே வரேன் சார்.”

“அதான் போன வாரமே உங்க வீட்டம்மா வந்து கேட்டு வாங்கிட்டாங்களே. உங்ககிட்ட சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன்.”

மெல்லத் திரும்பினேன். “ஏம்மா, ராத்திரி தனியா இருக்கப் பயமா?”

“பயமா, எனக்கா? பகல் பூரா நீங்க தூங்கறீங்க. கரண்டி கீழ விழக்கூடாது, அக்கா வந்தா கிசுகிசுன்னுதான் பேசணும். பகல்ல வீட்ட எனக்கு விடுங்க.”

“அப்ப நான் அளந்தது?”

“தங்கச்சிய இழுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு, ஏதோ பரீட்சைன்னு. மாத்தி மாத்திச் சொன்னேன்.”

“மிக்ஸி?”

“வாங்கி அக்கா வீட்ல வெச்சிருக்கேன்.”

“அப்ப ‘உங்க இஷ்டம்’னா என்னதாம்மா அர்த்தம்?”

“நான் முடிவு பண்ணியாச்சுன்னு அர்த்தம்.”

உட்கார்ந்து மிச்சப் பூண்டை உரிக்க ஆரம்பித்தேன்.