கை பிடித்துக் கொடுக்காத ராஜா

நாடகத்தில் கல்யாணம் நடக்கவில்லை. அதுதான் கோளாறு.

வேறு ஊராக இருந்தால் திரையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் அப்படி இல்லை. மாசியில் முதல் உப்பு வாருவதற்கு முந்தின நாள் நாடகம் போட்டாக வேண்டும். தெரிந்த கதைதான். இளவரசி வேடனைக் காதலிப்பாள். ராஜா குதிப்பார். வேடன் பக்கத்து நாட்டு இளவரசன் என்று கடைசியில் தெரியும். ராஜா மகள் கையைப் பிடித்து அவன் கையில் வைப்பார். மங்களம் பாடுவார்கள். பாடினால்தான் மறுநாள் பாத்தியில் கால் வைக்கலாம். பாடாவிட்டால் மழை வந்து உப்பு கரைந்துவிடும். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எல்லாரும்தான் சொல்கிறார்கள்.

ராஜா வேஷம் பக்தவச்சலம். தலையில் கறுப்பு இருந்த காலத்திலிருந்து அவர்தான். மேடையில் அவர் உறுமினால் முன்வரிசைக் குழந்தைகள் அழும். வீட்டில் உறுமினால் அவர் பெண்டாட்டி பொன்னம்மாள், "இன்னா, தொண்டை கட்டிக்கிச்சா? மொளகு தட்டிப் போட்டுத் தரட்டா?" என்பாள்.

வம்பு வீட்டில்தான் தொடங்கியது. மகள் யுவராணிக்கு ஈசிஆர் ஓரத்து இறால் குஞ்சுப் பண்ணையில் லேப் வேலை. அங்கே மோட்டார் பார்க்கிறவன் சுரேஷ். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. நல்ல பையன். குடி கிடையாது. அவனிடம் ஒரே குற்றம், அவன் அப்பா.

அப்பா குழந்தைசாமி நாடகத்தின் ஆர்மோனியக்காரர். போன வருஷம் ராஜா உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து சுருதியை ஒரு கட்டை ஏற்றிவிட்டார். ராஜா ஆட்டுக்குட்டியாகக் கத்தினார். அதை எவனோ போனில் பிடித்து ஊர் ஊராக அனுப்பினான். மனசு ஆறட்டும் என்று பக்தவச்சலம் பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு ஏறிப் போனார். உச்சியில் ஒருத்தன் "ம்மே" என்றான்.

"அந்தப் பொட்டிக்காரன் வூட்டுக்கு எம் பொண்ணா? நடக்காது!"

"சரிங்க. அத அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்களேன்" என்றாள் பொன்னம்மாள்.

"சொல்வேன்."

"எப்போ? டீக்கடையில அவரு தலையப் பாத்தாலே சந்துல பூந்துடறீங்க."

"யாரு, நானா?"

"ஊரே கூடற எடம் மேடைதான். பொட்டி அவருது. இந்த வருசம் வேடன் சுரேஷு. அங்கயாவது முடியாதுன்னு சொல்லுவீங்களா? மாட்டீங்க. கையப் புடிச்சிக் குடுத்துட்டு ஈன்னு இளிச்சிக்கினு வருவீங்க."

அந்த நிமிஷம் பக்தவச்சலத்துக்கு ஒரு திட்டம் உதித்தது. தன் மூளையில்தான் உதித்தது என்று நம்பினார்.

பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்தது. அதனால் பொழுது சாயவே நாடகம் தொடங்கியது. கடைசிக் கட்டம். இளவரசி வேஷம் போட்ட பரத் மீசையை மழித்த வாயோடு நாணிக் கையை நீட்டினான். வேடன் சுரேஷ் மண்டியிட்டு, "அரசே, நானும் ஓர் அரசகுமாரனே!" என்றான்.

"இருந்துக்கோ!" என்றார் ராஜா.

ஆர்மோனியம் நின்றது.

"மாமா, வசனம் அது இல்ல" என்று பரத் முந்தானைக்குள் முணுமுணுத்தான்.

"பொட்டிக்காரன் புள்ளைக்குப் பொண்ணு கெடையாது! சபை கலையலாம்!"

கிரீடம் ஆட ராஜா இறங்கி நடந்தார். பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

விடிந்ததும் பக்தவச்சலம் உப்பளத்துக்குப் போனார். பாத்தி நிறைய வெள்ளையாக உப்பு. உப்பு வாருகிற குப்பம்மாளும் மற்ற பெண்களும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கடல் மேல் கறுப்பாக ஒரு மேகம்.

"ஏம்மே குப்பம்மா, எறங்கல?"

"மங்களம் பாடலியே, ராஜா."

"அது வேஷம்மே! நாடகம்!"

"வேஷத்துக்குப் பொண்ணு குடுக்க உனக்கு இன்னா வலிச்சிது?"

கேள்வி நியாயமானது. பக்தவச்சலம் வீட்டுக்கு ஓடினார்.

"பொன்னம்மா! மேகம்!"

"பாத்தேன்."

"வருசத்து உப்பும் போயிடும். இன்னா பண்றது?"

"அறுத்து வுட்டத முடிச்சி வெக்கணும். கிரீடத்த எடுங்க."

"பட்டப் பகல்லயா?"

"மேகம் பொழுது பாத்தா வருது?"

"பரத் எங்க?"

"காத்தாலயே பஸ் ஏறிட்டான். கம்பெனியில ஷிப்ட்டாம்."

"அய்யோ, இளவரசிக்கு நான் எங்க போவேன்?"

"ரெண்டு நிமிசம் நிக்கறதுக்கு யாரா இருந்தா இன்னா? யுவராணி நிக்கட்டும். பேர்லயே ராணி இருக்குது."

பக்தவச்சலம் மேகத்தைப் பார்த்தார். அது சவுக்குத்தோப்புக்கு மேல் வந்துவிட்டது.

"ரெண்டு நிமிசம்தான?"

"அதுக்கு மேல உங்களுக்கு வசனமே இல்லியே."

உப்பளத்து வரப்பில் ராஜா வந்து நின்றார். மேலே ஜிகினா அங்கி, கீழே லுங்கி. பசை கிடைக்காமல் மீசையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். எதிரே பண்ணை யூனிபார்மில் சுரேஷ், கையில் வில். பக்கத்தில் யுவராணி, பட்டுப்புடவையில். இவள் எப்போது பட்டு கட்டினாள், தேங்காய் பழத் தட்டு எங்கிருந்து வந்தது, ஊர் எப்படிக் கூடியது என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. குழந்தைசாமி ஒரு பலகை போட்டு ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பொன்னம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். போன வருஷத்து உப்பு. ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"மேடை இல்லியே. உப்பு சாட்சியா இருக்கட்டும். பேரச் சொல்லிக் குடுங்க."

"யாரு பேரு?"

"நிக்கறவ பேரு. சீக்கிரம், மேகம்!"

உப்பைக் கையில் வைத்துச் சொன்ன சொல்லை அந்தப் பக்கத்தில் எவனும் மாற்றியதில்லை. மாற்றினால் அவன் பாத்தி விளையாது. இது பக்தவச்சலத்துக்கும் தெரியும். உப்பைக் கீழே கொட்டிவிடலாமா என்று பார்த்தார். மகள் சுரேஷைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தார், சில்லென்று இருந்தது. சின்ன வயசில் இதே வரப்பில் வழுக்கும் என்று பயந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த கை.

"என் மகள் யுவராணியை..."

ஆர்மோனியம் மெல்ல எழுந்தது. ஒரு கட்டை கீழே. அவர் குரலுக்கு அளவெடுத்த சுருதி. பக்தவச்சலம் பாடினார். போன வருஷம் எட்டாத உச்சம் தானாக வந்து உட்கார்ந்தது. ஒரு பிசிறு இல்லை. கை கையில் சேர்ந்தது. சுரேஷ் வில்லோடு காலில் விழுந்தான். மங்களம் பாடியானது.

பெண்கள் பாத்தியில் இறங்கினார்கள். மரப்பலகையால் உப்பை வாரும் சத்தம் சரக் சரக்கென்று கேட்டது. மேகம் ஒரு துளிகூடப் போடாமல் தெற்கே போயிற்று. பக்தவச்சலத்துக்கு மூச்சு வந்தது. உப்பு பிழைத்தது. மனசில் ஒரு வருஷமாகக் கட்டித்தட்டிக் கிடந்ததும் கரைந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

உப்புக் கொட்டகையிலிருந்து பரத் வடை தின்றுகொண்டே வெளியே வந்தான்.

"டேய், நீ பஸ் ஏறலியா?"

"மங்களம் முடியட்டும்னாங்க, மாமா."

பக்தவச்சலம் ஆர்மோனியக்காரரிடம் திரும்பினார்.

"யோவ், மழை பேஞ்சிருந்தா?"

"பேயாது. அவங்க போன்ல மழை நெலவரம் பாத்துட்டாங்க."

"எவங்க? உன்னப் பொட்டியோட வரச் சொன்னது யாருய்யா?"

"நேத்து நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே சொல்லிட்டாங்க, சம்மந்தி. 'இன்னிக்கி ராஜா முடியாதும்பாரு. நீங்க கண்டுக்காதீங்க. காலையில அளத்துக்கு வந்துடுங்க'ன்னு."

ராஜா தலையைத் தடவினார். கிரீடத்தைக் காணோம். அதை வைத்து விசிறிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள் பொன்னம்மாள்.