துர்க்காதேவியிடம் மாட்டிக்கொண்ட ஹார்டிஸ்க்

மாவேலிக்கரை,
நவமி, சாயங்காலம்.

அன்புள்ள மருமகன் பிரஜீஷுக்கு, உன் தாய்மாமன், அம்மாவன் ஸ்ரீதரக் குறுப்பு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய் எழுத இடமில்லை, காகிதம் இது ஒன்றுதான் கிடைத்தது. நவராத்திரிக்குப் புத்தகங்களைப் பூஜை வைத்திருக்கும்போது பேனா தொடக்கூடாது என்று உன் மாமி வீட்டிலுள்ள காகிதங்களையெல்லாம் பீரோவில் பூட்டிவிட்டாள். கார் ஷெட்டில் உட்கார்ந்து, போன வருஷக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நேற்று ராத்திரியிலிருந்து நீ மஸ்கட்டில் போனை எடுக்காததால்தான் இந்தப் பாவத்தையும் செய்ய வேண்டியதாயிற்று.

விஷயம் உனக்குத் தெரியும். மூன்று வருஷமாக நான் எழுதிய நாடகம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஜில்லா நாடகப் போட்டிக்கு இன்று ராத்திரிக்குள் ஈமெயிலில் அனுப்ப வேண்டும். ஜெயித்தால் வாசகசாலை ஆண்டுவிழாவில் மேடையேற்றுவார்கள். வில்லேஜ் ஆபீஸில் ஆயுசு பூராவும் மற்றவர்களின் நிலத்துக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவனுக்கு, என் பெயரை மைக்கில் ஒருமுறையாவது கேட்கவேண்டும் என்று இருக்காதா? நேற்றுச் சாயங்காலம் வாசகசாலைக்குப் போய்விட்டு வந்து ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில், கிளம்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம், ஒன்றைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு பட்டனை அழுத்த வேண்டுமாம். ஏதாவது ஒன்று என்றால் எது? இடது மூலையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அழுத்தினேன். அதே எழுத்து, அதே திமிர். உனக்குப் போன் போட்டேன். “பென் டிரைவ் செருகியிருக்கா அம்மாவா? அதை உருவிடுங்க”ன்னே. உருவினேன். “எஃப் டூவைத் தட்டுங்க, நீலத் திரை வரும், லிஸ்ட்ல ஹார்டிஸ்க்கை முதல்ல கொண்டு வாங்க”ன்னே. லிஸ்ட்டில் சிடி இருக்கிறது, நெட்வொர்க் இருக்கிறது, ஹார்டிஸ்க் என்ற பெயரே இல்லை. இல்லாததை எப்படியடா முதலில் கொண்டு வருவது? “அப்போ மூடியைத் திறந்து ரேமை எடுத்து ரப்பரால தேய்ங்க”ன்னே. தேய்த்தேன், மோனே. பள்ளிக்கூடத்தில்கூட அப்படி அழித்ததில்லை. உள்ளே ஒரு இடம் காலியாக இருந்தது, காற்றோட்டத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் உன் போன் ஸ்விட்ச் ஆஃப்.

இன்று காலை ரிப்பேர் கடை ஷிபுவைக் கையோடு கூட்டி வந்தேன். எட்டிப் பார்த்தான். “சாரே, இதுல ஹார்டிஸ்க்கே இல்லியே!” என்றான். இதைக் கழட்டத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே, எனக்குச் சுரீரென்று ஏறியது. “நீதான்டா எடுத்திருக்கே”ன்னு கத்திட்டேன். அவன் அசரவில்லை. “செத்துப்போன ஹார்டிஸ்க் என் கடையில ஒரு சாக்கு கிடக்கு சாரே, வேணும்னா அள்ளிக்குங்க. உங்களோடதைத் திருடி நான் அவல் மாதிரி நனைச்சா தின்பேன்?” என்றான். தெருவே எட்டிப் பார்க்க, உன் மாமி உள்ளேயிருந்து ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வந்தாள். “அந்தப் புள்ளையை ஏன் திட்டறீங்க? நான்தான் கழட்டினேன். கம்ப்யூட்டரைப் பூஜைக்கு வைக்கணும், முழுசையும் கோயிலுக்குத் தூக்க முடியுமா? ஹார்டிஸ்க்லதான் அதோட அறிவெல்லாம் இருக்குன்னு லீவுல வந்தப்போ பிரஜீஷ்தானே சொன்னான். அதை மட்டும் பட்டுல சுத்தி தேவி முன்னால வெச்சுட்டேன்” என்கிறாள். பௌதிகம் படிப்பித்த டீச்சர் பேசுகிற பேச்சா இது! நீ எதற்கடா அவளுக்குக் கம்ப்யூட்டரின் உடற்கூறு சொல்லிக் கொடுத்தாய்?

கோயிலுக்கு ஓடினேன். பூஜை செய்கிற திருமேனியின் காலில் விழாத குறை. “நாளைக் காலையில பூஜை எடுத்த பிறகுதான் குறுப்பே. அதுக்கு முன்னாடி ஒரு பொட்டலத்தையும் நான் தொட மாட்டேன். ஒரு ராத்திரி தேவிகிட்ட இருந்தா நாடகம் இன்னும் நல்லாத்தான் வரும்” என்று பல்லைக் காட்டுகிறார். நாளைக் காலையில் யாருக்கடா அனுப்புவது? என் மூன்று வருஷமும் போயிற்று. உன் மாமி மட்டும் பக்கத்து வீட்டு லிஸியிடம் குசுகுசுவென்று பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

உன் பெண்டாட்டிக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, போனை எடுத்த பிறகு. நான் எழுதியது மாமிக்குத் தெரியக்கூடாது என்பதால் தபாலில் சேர்க்கச் சொல்லி லிஸியிடம் கொடுக்கிறேன்.

மனம் நொந்த அம்மாவன்,
ஸ்ரீதரக் குறுப்பு

பி.கு.: பிரஜீஷ், மாமி எழுதறேன். லிஸி இதை நேரா எங்கிட்டதான் கொண்டு வந்தா. கோயில்ல பட்டுக்குள்ள இருக்கிறது என் பழைய பௌதிகப் புத்தகம். ஹார்டிஸ்க் லிஸி வீட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கு. போன வாரம் அவர் தூங்கறப்போ அந்த நாடகத்தைப் படிச்சேன். அதுல ஒரு பெண்டாட்டி, கப்பைக்கிழங்குக்கு உப்புப் போடத் தெரியாதவ, பேரை மட்டும் மாத்தி என்னையே எழுதியிருக்கார். முதல் அங்கத்துலயே பாம்பு கடிச்சு சாகறா. ‘கதாநாயகன் நிம்மதியாக மூச்சு விடுகிறான்’னு அடைப்புக்குறிக்குள்ள வேற. எனக்கு அழுகையே வந்துடுச்சு, மோனே. அதான் ரெண்டு நாளா உட்கார்ந்து திருத்தி, இப்போதான் அவர் பேர்லயே போட்டிக்கு அனுப்பினேன். ஜெயிச்சா மைக்குல அவர் பேரைத்தான் கூப்பிடுவாங்க, முன் வரிசையில உட்கார்ந்து ஆசை தீரப் பார்க்கட்டும். பாம்பை நான் எடுக்கலை. ஆளை மட்டும்தான் மாத்தியிருக்கேன்.