இடந்தலை காணாமல் போன மிருதங்கம்

கீழப்பனங்காடு,
திருவாரூர் தாலுகா.
18-8-1973

சிரஞ்சீவி மாப்பிள்ளை நாகேஸ்வரனுக்கு, மாமனார் வெங்கடசுப்ரமணியன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் உங்கள் மாமியார் காமு க்ஷேமம், பசு க்ஷேமம், நான் க்ஷேமமாக இல்லை. காரணம், நீங்கள் அனுப்பிய ஒயர்.

என் அறுபதாம் கல்யாணத்துக்கு நீங்கள் அனுப்பிய ஸ்டீரியோவைக் குறை சொல்லவில்லை. தட்டு சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, இரண்டு ஸ்பீக்கரும் கூடத்தின் இரண்டு மூலையில் மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி நிற்கின்றன. ஆனால் அவற்றைப் பெட்டியோடு சேர்க்கிற ஒயரைப் பிரித்தபோது எனக்கு மயக்கம் வராத குறைதான். ஒரு இழை கறுப்பு, ஒரு இழை சிவப்பு. உலகத்தில் வேறு நிறமே இல்லையா? போன தேர்தலில் கடைத்தெருவில் நாலு பேர் முன்னால், அந்தக் கறுப்பு சிவப்பு என் வாசற்படி ஏறாது என்று சபதம் செய்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியாதா? நில உச்சவரம்புச் சட்டத்தில் பாதி போயிற்று, மீதிக்குத் தாசில்தார் விசாரணை நடக்கிறது. இன்றைக்குப் பட்டா மாறாமல் என் பேரில் இருப்பது அந்தச் சபதம் ஒன்றுதான்.

போதாக்குறைக்கு ராஜாத்தி பார்த்துவிட்டாள். நம் கொல்லையில் குடியிருக்கும் மனைக்குப் போன வருஷம் சட்டப்படி பட்டா வாங்கி, மறுநாளே அதில் கட்சிக் கொடியும் நட்டாளே, அவள்தான். களையெடுக்கப் போகிறவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ஐயா வீட்டுக்குள்ளயும் நம்ம கொடி வந்திருச்சு போலிருக்கே” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபத்தில், காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரி முழுச் சுருளையும் அந்த ஒயர் மேல் சுற்றினேன். பெட்டியின் பின்னாலும், ஸ்பீக்கரின் பின்னாலும் அதே கறுப்பு, சிவப்புத் திருகுகள் இருந்தன. வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து எல்லாவற்றுக்கும் தடவினேன். பிறகு கைக்கு வந்தபடி மாட்டிப் பாட்டைப் போட்டேன்.

மாப்பிள்ளை, என்ன சொல்ல? பாடுகிறவர் கூடத்தில் இருக்கிறாரா, கிணற்றங்கரையில் இருக்கிறாரா என்று தெரியவில்லை. மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டிக்கு டிக்கு என்கிறது, இடது பக்கத்துக் கனமான தொம் கேட்கவே இல்லை. காமு கரண்டியோடு வந்து நின்று, “ஏன்னா, இடந்தலையைக் காணோமே, அதையும் சர்க்கார் எடுத்துண்டுடுத்தா?” என்று கேட்டாள். நல்ல ஒயர் போட்டால் இடந்தலை நெஞ்சில் வந்து இடிக்கும் என்று எழுதியது நீங்கள்தானே? உங்கள் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அழைப்புமணி ஒயரைப் போட்டேன், அதே கதை. கனமான ஒயரில் கனமான சத்தம் வரும் என்றும் உங்கள் கடிதத்தில் இருந்ததால், வயலுக்குப் போய்ப் பம்புசெட் மோட்டார் கேபிளையே அவிழ்த்து வந்து மாட்டினேன். கேபிள் பெருவிரல் தண்டி. இடந்தலை அதிலும் வரவில்லை. ஆனால் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் சம்பா நாற்றங்கால் வெடித்துவிட்டது. பாட்டும் போச்சு, பயிரும் போச்சு.

கடைசியில் திருவாரூரிலிருந்து மைக் செட் ஜெகபர் அலியை வரவழைத்தேன். கந்தூரி, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவர். வந்தவர் ஸ்பீக்கரின் பின்னால் குனிந்து சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்துவிட்டு அரை நாழிகை சிரித்தார். “ஐயரே, ஒயரு மேல குத்தமே இல்ல. இந்தக் கூடத்து நீளத்துக்கு எந்த ஒயரு போட்டாலும் ஒண்ணுதான். நீங்க ஒரு ஸ்பீக்கருக்கு ஒயர நேரா மாட்டி, இன்னொண்ணுக்குத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. ஒண்ணு தள்ளையில ஒண்ணு இழுக்குது, கனமான சத்தம் அதுல அடிபட்டுப் போவுது. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அவ்வளவுதான்” என்றார். அதாவது பிளாஸ்திரியை உரித்துக் கொடியைப் பறக்கவிட வேண்டுமாம். கட்சிக் கூட்டத்துக்கு மைக் கட்டுகிறவர் வேறு என்ன சொல்வார்? காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆகவே, உங்கள் ஒயர் சுத்த மோசடி என்பது என் தீர்மானம். நாளைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். வெள்ளை நிறத்தில் ஒன்று அனுப்பவும். இல்லாவிட்டால் ஸ்டீரியோவையும் எடுத்துக்கொண்டு போகவும். எங்கள் பெண் பர்வதத்துக்கு ஆசி. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்களும் தீர்க்காயுசாக, இனிமேல் நிறம் பார்த்துச் சாமான் வாங்குகிறவராக இருக்கப் பகவானை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வெங்கடசுப்ரமணியன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் தாசில்தார் விசாரணைக்குப் போகவேண்டி வந்தது. திரும்பி வரும்போது தெரு முனையிலேயே இடந்தலை கேட்டது. நான் போனதும் காமு உங்கள் ஒயரின் பிளாஸ்திரியை உரித்து, திருகுகளின் சுண்ணாம்பைச் சுரண்டி, ஜெகபர் அலி சொன்னபடி மாட்டியிருக்கிறாள். பாடுகிறவர் கூடத்தின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றேன். கண்ணில் ஜலம் வந்துவிட்டது, மாப்பிள்ளை. மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்துகொள்ளவும். ஒயரைத் திருப்பி அனுப்பப்போவதில்லை. ஸ்பீக்கரைச் சற்றுத் தள்ளி வைக்க அதே நிறத்தில் இன்னும் பத்து கஜம் அனுப்பவும். சபதம் கொடிக்குத்தான், ஒயருக்குப் பொருந்தாது என்று சட்டப்படி யோசித்து முடிவு செய்திருக்கிறேன். ராஜாத்தி களைக்கொட்டோடு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், காமு சாத்தவில்லை. நானும் எழுந்து போய்ச் சாத்தவில்லை.