குளத்துக்கு வைத்த வெற்றிலை பாக்கு

வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டே ஊராட்சி நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ‘பொண்ணூட்டுக்காரர்’, அதாவது பெண் வீட்டுக்காரர். இல்லை என்பவர்கள் தொண்டாமுத்தூர் பஸ் ஏறி வாருங்கள், சண்டைக்கு நான் தயார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நான் எழுத்தர். அவர் புதிதாக ஜெயித்து வந்த தலைவர். ஊர்க் குளம் காய்ந்து, கிணறுகள் வற்றி, சனங்கள் மாட்டைச் சந்தைக்கு ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். மழை முன்னைப்போல இல்லை. பெய்கிற கொஞ்சத்தையும் குளத்துக்கு வரவிடாமல் மலையடி வாய்க்காலை ஆளாளுக்கு மறித்து வைத்திருந்தார்கள்.

புதுத் தலைவர்களுக்குக் கோவையில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மழை தவறும் காலத்தை ஊராட்சிகள் எப்படிச் சமாளிப்பது என்று நாள் முழுக்கப் பாடம். நம்மவர் சாப்பாட்டுக்குப் பிறகு அருமையாகத் தூங்கினார். விழித்தபோது காதில் விழுந்தது ஒன்றுதான்: “மக்களை அழைக்காமல் எந்த வேலையும் செய்யாதீர்கள்.”

கொங்கு நாட்டில் அழைப்பது என்றால் சும்மாவா? மறுநாள் காலை சலவை வேட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் சகிதம் ஆபீசில் வந்து நின்றார்.

“ஏனுங்க தலைவரே, ஆருக்குக் கல்யாணமுங்க?” என்றேன்.

“நம்ம கொளத்துக்குங்க. மாப்பிள்ளை மலையில இருந்து வாராருங்க. நாமெல்லாம் பொண்ணூட்டுக்காரருங்க. பொறப்படுங்க!”

வீடு வீடாகப் போனோம். “உங்க மாட்டுக் கொட்டாய் மாப்பிள்ளை வர்ற வழியில நிக்குதுங்க. கோவிச்சுக்காம குடும்பத்தோட வந்து பிரிச்சுக் குடுத்துப்போடோணுங்க” என்பார். நோட்டீஸ் கொடுத்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். வெற்றிலை பாக்கை வாங்கியபின் மாட்டேன் என்று எங்கள் பக்கம் யார் சொல்வது? “ஆகட்டுங்க” என்று மென்று விழுங்கினார்கள்.

ஒரு வாழைத் தோட்டக்காரர் மட்டும் தட்டைத் தொடவில்லை. “என்ற வாழையை எடுத்தர்றனுங்க. உங்க மோட்டார் ரூம்புக்கு ஆருங்க வெத்தல வெச்சா?”

தலைவர் முகம் சுண்டிப்போனது. வாய்க்காலின் நட்டநடுவில் நின்றது அவர் ஆசை ஆசையாகக் கட்டிய மோட்டார் அறை. அதை இடிக்காவிட்டால் ஊரில் ஒருத்தரும் கடப்பாரையைத் தொடமாட்டார்கள். குளம் காய்ந்தே கிடக்கும். தட்டோடு நடந்தார். சொந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளி மாதிரிக் கதவைத் தட்டினார்!

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். தட்டைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “வாங்க, வாங்க. என்ன விசேசமுங்க?”

“கொளத்துக்குக் கல்யாணமுங்க. உங்க மோட்டார் ரூம்பு வழியில...” தலைவர் தட்டை நீட்டினார்.

“எங்கூட்டுக்காரரத்தான் கேக்கோணுங்க. அவரு எங்கீங்க ஊடு தங்கறாரு? ஊர் வேல, ஊர் வேலன்னு திரியறாருங்க.” சொல்லிக்கொண்டே முந்தானையில் வெற்றிலையை வாங்கினார். “நீங்க கவலப்படாதீங்க. நாஞ் சொல்லி இடிக்க வெச்சுப்போடறனுங்க.”

தலைவர் சிரித்தார் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. மறுநாள் மோட்டார் அறைமேல் விழுந்த முதல் கடப்பாரை அவருடையது. வாழைத் தோட்டக்காரர் இரண்டாவதாக இறங்கினார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தபோது, “முன்னால வாங்க தலைவரே!” என்று ஊரே கூப்பிட்டது. அவர் வரவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர் மாதிரி தேம்பிக்கொண்டிருந்தார்.

நான் மாற்றலாகி வந்து வருஷங்கள் ஆயிற்று. இன்றைக்கும் மேற்கே மலை கறுத்தால் கை தானாகப் போனை எடுக்கிறது. “மாப்பிள்ளை கிளம்பீட்டாருங்க, தலைவரே.”