மாப்பிள்ளை ஒளித்த பெட்டி

மதிப்புக்குரிய மாப்பிள்ளை பிரபு அவர்களுக்கு,

ஆத்தூரிலிருந்து மாமனார் பெருமாள்சாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். கத்தரிச் செடியும் சுகம், விலைதான் படுத்துவிட்டது. நெய்க்காரப்பட்டியில் நீங்களும் ஜீவிதாவும் சம்பந்தி வீட்டாரும் சுகமாயிருக்கப் பழனியாண்டவர் துணை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் அடுத்தவரைப் பேசவே விடமாட்டேன் என்று ஜீவிதா சொல்கிறாள். தவிர, நீங்களும் எடுப்பதில்லை.

ஆடி விருந்துக்கு வந்தபோது அணைக்கரைப் பாறைக்கு அடியில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியை ஒளித்தீர்களே, நான்கூடக் குடை பிடித்தேனே, அதைப் பற்றித்தான். இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர், ஒருவர் ஒளித்ததை வெளியூர்க்காரர்கள் வந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், இயற்கையின் விநோதங்களைப் பற்றிய கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னால்தான் பெட்டி இருக்கும் இடம் போனில் தெரியும் என்றீர்கள். மழையோடு மீன் விழுந்த ஊர் எது, சிவப்பு மழை பெய்தது எந்த வருஷம், வறண்ட ஏரியில் பாறாங்கல் தானாக நகர்வது எதனால் என்று என்னையும் கேட்டீர்கள். கல் நகர்ந்தால் அது பங்காளி வேலை என்றேன். நம் வரப்புக்கல் வருஷா வருஷம் நகர்கிறதே. நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, மெல்லிய பனிக்கட்டியும் காற்றும் சேர்ந்து கல்லைத் தள்ளும் கதையைச் சொன்னீர்கள். கல்யாணமாகி அன்றைக்குத்தான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து மூன்று பேர் வந்து, போனைப் பார்த்தபடி கருவேல முள்ளுக்குள் சுற்றினார்கள். விசாரித்தால் உங்கள் பெட்டியைத் தேடி வந்தவர்கள். மாப்பிள்ளையை நம்பி வந்தவங்க வெயில்ல கெடந்து காய்ஞ்சா நம்ம மருவாதி என்னத்துக்கு ஆகும்? இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீங்கள் கேட்டுக்கொண்டதை நான் மறக்கவில்லை. அதனால் வாயே திறக்காமல் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்து கோழிக் குழம்போடு சோறு போட்டோம். அதுக்கப்புறம் பெட்டியைப் பாறைக்கடியில விட மனசு வரல, வீட்டுக்கே கொண்டாந்து தாம்பாளத்துல வெத்தலை பாக்கோட வச்சுட்டேன். தொப்பியும் போனுமாக யார் பஸ்ஸைவிட்டு இறங்கினாலும் மறித்துக் கூட்டிவந்து, சாப்பிட்டுக் கை கழுவியதும் தாம்பாளத்தை நீட்டினேன்.

சேலத்திலிருந்து தமிழ்மதி என்று ஒரு பெண் வந்தாள். பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எல்லா விடையும் கண்டுபிடித்தவளாம். தாம்பாளத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னேன். அவள் ஊருக்குப் போய், உங்கள் ஆட்டத்துக்காரர்கள் எல்லோரும் படிக்கும் இடத்தில் நடந்ததை எழுதிவிட்டாள். அன்றைக்குத்தான் நீங்கள் போன் செய்தீர்கள்.

"தேடறதுக்குத்தானுங்க மாமா அத்தனை தூரம் வர்றாங்க. அதையே புடுங்கிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது தலைத் தீபாவளிக்கு உங்களுக்கு லீவு கிடைக்காது என்கிறாள் ஜீவிதா. துணி எடுத்தாயிற்று. முறுக்குக்கு அரிசி ஊறப்போடாமல் உங்கள் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஆம்பளப் புள்ள இல்லாத வீடு மாப்பிள்ளை. நீங்க சிரிச்ச அந்த ஒரு நாளை நானே கெடுத்துக்கிட்டேன். நான் செஞ்சது தப்பு, மன்னிச்சிருங்க. பெட்டியை நீங்கள் வைத்த பாறைக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். ரெண்டு பேரும் தீபாவளிக்கு வந்து சேருங்கள்.

சம்பந்திகளுக்கு எங்கள் வணக்கம். ஜீவிதாவுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
வாசலையே பார்த்திருக்கும்
பெருமாள்சாமி

பி.கு.: பாறைப் பக்கம் பொட்டு நிழல் இல்லை. அதனால் நேற்று சின்னதாக ஒரு கீற்றுப் பந்தல் போட்டு, பானையில் தண்ணீரும் வைத்து, 'தேடுவோர் இளைப்பாறும் இடம். உபயம்: நெய்க்காரப்பட்டி மாப்பிள்ளை பிரபு' என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். பெட்டி எங்கே என்று போர்டில் எழுதவே இல்லை, சத்தியம். அங்கே போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் அதுவே காலில் தட்டும்.